தெரிந்த சொல்தான் காலை வாருகிறது: ஆஸ்டின், ஷேக்ஸ்பியர் படிப்பவர்கள் உதவவும்

வேப்பம்பூ:

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ படித்துக்கொண்டிருக்கிறேன். 1813-இல் வந்த நாவல். வாக்கியங்கள் நீளமே தவிர, சொற்கள் முக்கால்வாசி தெரிந்தவைதான். சிக்கலே அங்கேதான். தெரியாத சொல் வந்தால் போனில் விரலை வைத்துப் பொருள் பார்த்துவிடுகிறேன். தெரிந்த சொல்லுக்கு யார் அகராதி பார்ப்பார்கள்?

14-ஆம் அத்தியாயத்தில் பாதிரியார் காலின்ஸ், விருந்தாளியாக வந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு வேலை கொடுத்த லேடி கேத்தரினின் புகழ் பாடுகிறார். அந்த அம்மாளிடம் கண்ட ‘காண்டிசென்ஷனை’ வேறு எந்தப் பெரிய மனிதரிடமும் கண்டதில்லையாம். இன்றைக்கு ஆபீசில் ஒரு மேனேஜரைக் காண்டிசெண்டிங் என்று சொன்னால் அது புகார். நம்மை மட்டமாக நினைத்துப் பேசுகிறார் என்று அர்த்தம். காலின்ஸோ அதை வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறார். குத்திக்காட்டுகிறாரோ என்றால், அந்த ஆளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

அதற்கு முன்னால் 4-ஆம் அத்தியாயத்தில் எலிசபெத் தன் அக்கா ஜேனைக் ‘கேண்டிட்’ என்கிறாள். கேண்டிட் என்றால் மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர் இல்லையா? ஜேன் யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லாத பெண். எப்படிப் பொருந்துகிறது? இதே மாதிரி வேறு சொற்கள் இருந்தாலும் சொல்லுங்கள், முன்கூட்டியே உஷாராகிக்கொள்கிறேன்.

பழம்புத்தகம்:

நல்ல இடத்தில் நின்றிருக்கிறீர்கள். பலர் நிற்காமலே போய்விடுவார்கள்.

காண்டிசென்ஷன் அன்றைக்குப் புகழ்ச்சிதான். சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியில் பாருங்கள். மேலிடத்தில் இருப்பவர் தானாக இறங்கி வந்து கீழே இருப்பவரோடு சமமாகப் பழகுவது என்ற பொருளில்தான் இருக்கிறது. பிரபு தன் குத்தகைக்காரனோடு நின்று நாலு வார்த்தை பேசினால் ஊரே மெச்சிய காலம் அது. ‘இறங்கி வர நீ யார், நான் என்ன பள்ளத்திலா இருக்கிறேன்’ என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி மனதில் எழத் தொடங்கியதும் சொல் கசந்துபோனது. இன்றும் அகராதிப் பொருள் ஏறக்குறைய அதேதான், இறங்கி வருவதுதான். மேடு பள்ளத்தைப் பற்றி நாம் நினைக்கிற விதம்தான் மாறிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டால்தான் ஆஸ்டினின் நகைச்சுவை சரியாக விழும். கொஞ்சம் பொறுங்கள், 29-ஆம் அத்தியாயத்தில் லேடி கேத்தரினையே நேரில் பார்ப்பீர்கள். அந்த அம்மாள் எலிசபெத்தை உட்காரவைத்து எத்தனை தங்கைகள், பார்க்க லட்சணமா, அப்பாவிடம் என்ன வண்டி இருக்கிறது, அம்மா பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று குடைவார். அடுத்த வீட்டு மாடும் கோழியும் எப்படி வளர வேண்டும் என்பதுவரை புத்தி சொல்வார். அது இறங்கி வருவது இல்லை, ஏறி மிதிப்பது. வெறும் அதிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பெருந்தன்மை என்று காலின்ஸ் உருகுகிறார் பாருங்கள், சிரிப்பு அங்கே இருக்கிறது. இன்றைய பொருளை வைத்துப் படித்தால் காலின்ஸ் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டதாக ஆகிவிடும். அதுவும் ஒரு சிரிப்புதான், ஆனால் ஆஸ்டின் எழுதிய சிரிப்பு இல்லை.

‘கேண்டிட்’டுக்கு வருகிறேன். லத்தீனில் ‘கேண்டிடுஸ்’ என்றால் பளிச்சென்ற வெள்ளை. அழுக்கில்லாத மனம், அடுத்தவரிடம் நல்லதையே பார்க்கும் மனம் என்பதுதான் 18-ஆம் நூற்றாண்டில் ஓடிய பொருள். வெள்ளை மனம் திறந்த மனமாகி, திறந்த மனம் கடைசியில் திறந்த வாயாகிவிட்டது. நீங்கள் சொன்ன அதே பக்கத்தில் எலிசபெத்தே விளக்குகிறாள், திரும்பப் பாருங்கள்: எல்லாரிடமும் உள்ள நல்லதை எடுத்துக்கொண்டு அதை இன்னும் கொஞ்சம் நல்லதாக்கி, கெட்டதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. ஜேனுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறதா?

சி. எஸ். லூயிஸ் என்றால் நமக்கு நார்னியா கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் பார்த்த வேலை பழைய இலக்கியம் கற்பிப்பது. சொற்களைப் பற்றி 1960-இல் ஒரு புத்தகமே போட்டார். அதில் ‘ஆபத்தான பொருள்’ என்று ஒன்றைச் சொல்வார். இன்று ஒரு சொல்லுக்கு ஓங்கி நிற்கும் பொருள் பழைய வாக்கியத்திலும் ஓரளவு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாவிட்டால் நாம் நின்று யோசிப்போம். ஒட்டுவதால் சந்தேகமே வராமல் தாண்டிப் போகிறோம்.

அரைக்கால்சட்டை:

53-ஆம் அத்தியாயம் வரும்போது கவனம் அக்கா. புது மருமகன் விக்கமைப் பற்றி எலிசபெத்தின் அப்பா பென்னட், ‘நம் எல்லாரிடமும் லவ் மேக் பண்ணுகிறான்’ என்று சொல்வார். பயப்பட வேண்டாம். குழைந்து குழைந்து பேசுகிறான், ஐஸ் வைக்கிறான், அவ்வளவுதான்.

பழம்புத்தகம்:

ஆஸ்டினின் ‘எம்மா’வில் அது இன்னும் மோசம் தம்பி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வெளியே பனி, விருந்து முடிந்து திரும்பும் குதிரை வண்டி. வண்டிக்குள் பாதிரியார் எல்டனும் எம்மாவும் மட்டும். எல்டன் அவளிடம் ‘வயலண்ட் லவ்’ மேக் பண்ணினார் என்று எழுதியிருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு ‘உன்னை விரும்புகிறேன், கல்யாணம் செய்துகொள்’ என்று படபடவெனக் கொட்டினார் என்பதுதான் செய்தி. காதலை வாயால் சொல்வதற்கே அந்தத் தொடர். இருபதாம் நூற்றாண்டில்தான் அது படுக்கையறைக்குள் போனது.

தெற்குத்தெரு:

இது சம்பந்தமாக வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னிடம் ராஜா வந்து ‘ஆஃபுல், ஆர்டிஃபிஷியல், அம்யூசிங்’ என்றாராம். இன்று கேட்டால் கொடூரம், போலி, வேடிக்கை. அன்று அதற்குப் பிரமிப்பு, கலைத்திறன், வியப்பு என்று பொருளாம். ரென் பூரித்துப்போனாராம்!

மாடிப்படி நூலகம்:

அந்த ராஜா யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் இரண்டாம் ஜேம்ஸ் என்பார், ஒருவர் ஆன் ராணி என்பார். ஜேம்ஸ் 1688-லேயே நாட்டைவிட்டு ஓடிப்போனவர். கோயில் வேலை முடிந்ததாக அறிவித்தது 1711-இல். அந்தக் காலத்து ஆவணம் எதையும் யாரும் காட்டியதில்லை, ஆளுக்கு ஆள் அரசர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

சொற்களின் பழைய பொருள் மட்டும் நிஜம். அதற்கு ராஜா கதை தேவையே இல்லை, ஷேக்ஸ்பியரே சாட்சி. ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ மூன்றாம் அங்கத்தில் ஹெலனா தன் தோழியிடம் பழசை நினைவூட்டுகிறாள்: இரண்டு பேரும் ஒரே மெத்தையில் உட்கார்ந்து, ஒரே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ஒரே துணியில் ஒரே பூவை எம்பிராய்டரி போட்டோமே, இரண்டு ‘ஆர்டிஃபிஷியல்’ தெய்வங்கள் மாதிரி! கைவேலையில் கெட்டிக்காரத் தெய்வங்கள் என்கிறாள். போலித் தெய்வம் என்று எடுத்தால் நட்பையே கேவலப்படுத்தியதாக ஆகும்.

தெற்குத்தெரு:

ஆதாரம் இருக்கிறதோ இல்லையோ, கதை நன்றாக இருக்கிறதே சார்.

கொக்கிரகுளம்:

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து 1611 மொழிபெயர்ப்பு ஆங்கில வேதாகமமும் தமிழ் வேதாகமமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒட்டி வைத்துப் படித்தால் இந்த இழைக்கு வேண்டியது அத்தனையும் கிடைக்கும்.

23-ஆம் சங்கீதம் எல்லாருக்கும் தெரியும். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.’ ஆங்கிலத்தில் இரண்டாம் பாதி, ‘ஐ ஷல் நாட் வாண்ட்.’ ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் இதை ‘எனக்கு அவர் வேண்டாம்’ என்று புரிந்துகொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாண்ட் என்பதற்கு அன்று பொருள் குறைவு, இல்லாமை. தமிழில் படித்தவனுக்கு அந்தக் குழப்பமே இல்லை.

மாற்கு 10-இல் ‘சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்’ என்று வரும். ஆங்கிலத்தில் அந்த ‘இடங்கொடுங்கள்’ இருக்கும் இடத்தில் ‘சஃபர்’ இருக்கிறது. பிள்ளைகளைக் கஷ்டப்படுத்தச் சொல்லவில்லை, விடச் சொல்கிறார். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் கடவுள் செடிகளையும் கனிகளையும் மனிதனுக்கு ‘மீட்’டாகக் கொடுக்கிறார். காய்கறி எப்படி இறைச்சியாகும்? தமிழில் ‘ஆகாரம்’ என்று இருக்கிறது. மீட் என்றால் பொதுவாகச் சாப்பாடு என்பதுதான் பழைய பொருள். 119-ஆம் சங்கீதத்தில் பக்தன் விடியலை ‘ப்ரிவெண்ட்’ செய்கிறான். சூரியனைத் தடுத்து நிறுத்தவில்லை, அதற்கு முன்னால் எழுந்துவிட்டான். தமிழ்: ‘அதிகாலையில் நான் எழுந்து சத்தமிட்டேன்.’

எனக்குப் பிடித்தது எரேமியா 24. இரண்டு கூடை அத்திப்பழம். ஒன்று நல்ல பழம், இன்னொன்று மிகவும் ‘நாட்டி’யான பழம். சேட்டை செய்யும் அத்திப்பழங்களை நினைத்து ஞாயிறு பள்ளியில் சிரித்து அடி வாங்கியவர்கள் உண்டு. ஒன்றுக்கும் உதவாத, கெட்டுப்போன என்பதுதான் அந்தச் சொல்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஆங்கிலத்தைப் பார்த்து எழுதவில்லை. எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் பார்த்து எழுதினார்கள். அதனால்தான் தமிழ் வரி இந்த ஆங்கிலச் சொற்களோடு சேர்ந்து நழுவாமல் நிற்கிறது.

வேப்பம்பூ:

அப்படியென்றால் நாவலின் முதல் வரியில், சொத்துள்ள பிரம்மச்சாரி ‘இன் வாண்ட் ஆஃப் எ வைஃப்’ என்று வருகிறதே, அதுவும் இந்த வாண்ட்தானா?

கொக்கிரகுளம்:

அதேதான். அவனுக்குப் பெண்டாட்டி வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்குப் பெண்டாட்டி இல்லாத குறை இருக்கிறது என்று ஊர் முடிவு செய்கிறது, அதுவும் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கும் ஊர். ‘ஆசைப்படுகிறான்’ என்று படித்தால் பழி அவன் தலையில் விழும். பென்னட் வீட்டு அம்மாள் தப்பித்துவிடுவாள்.

கல்தச்சன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஷேக்ஸ்பியரையும் 1611 வேதாகமத்தையும் சிலர் வழக்கமாக ‘பழைய ஆங்கிலம்’ என்பார்கள். யாராவது அதை இங்கேயும் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலம் என்பது ஏறக்குறைய 1100-க்கு முன்னால் இருந்த மொழி. 1400-இல் இறந்த கவிஞர் சாஸர் எழுதியது நடுக்கால ஆங்கிலம். ஷேக்ஸ்பியர் நவீன ஆங்கிலத்தின் தொடக்கம். அசல் பழைய ஆங்கிலத்தை இன்றைய லண்டன்காரர் கையில் கொடுத்தால் ஜெர்மன் படித்தவரைக் கூப்பிடுங்கள் என்பார்.

அங்கே சிக்கல் வேறு மாதிரி. ‘பெயோவுல்ஃப்’ காவியம் 3182 வரி. கையில் இருப்பது ஒரே ஒரு பிரதி, கிட்டத்தட்ட 1000-ஆம் ஆண்டை ஒட்டி எழுதியது. 1731-இல் லண்டனில் ஒரு நூலகம் தீப்பிடித்தபோது ஓரம் கருகித் தப்பியது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இதில் வரும் சில சொற்கள் வேறெங்கும் அதிகம் இல்லை. பொருளை எதை வைத்து முடிவு செய்வது?

‘ஆக்லேக்கா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதரைத் தின்னும் கிரெண்டலுக்கு அந்தச் சொல் வருகிறது. டிராகனுக்கும் வருகிறது. அவற்றோடு சண்டை போடும் நாயகன் பெயோவுல்ஃபுக்கும் வருகிறது! 2592-ஆம் வரியில் நாயகனையும் டிராகனையும் சேர்த்து ஒரே பன்மையில் அப்படிச் சொல்கிறார் கவிஞர். ஆனால் 1922-இல் கிளேபர் போட்ட புகழ்பெற்ற பதிப்பின் சொல்லடைவில், இந்தச் சொல்லுக்கு ஒரு பக்கம் அரக்கன், பிசாசு என்றும், இன்னொரு பக்கம் வீரன், நாயகன் என்றும் இருக்கும். யாருக்கு எது என்று தீர்மானித்தது கவிஞர் இல்லை, பதிப்பாசிரியர்.

கிரெண்டலின் தாய்க்கு இதே சொல்லோடு பெண் என்ற சொல்லைச் சேர்த்து ‘ஆக்லேக்வீஃப்’ என்று வருகிறது. கூடவே ‘இடெஸ்’ என்றும் இருக்கிறது, அது உயர்குலப் பெண்ணுக்குச் சொல்வது. கிளேபர் அவளுக்கு அரக்கி என்றுதான் கொடுத்தார். ஷேமஸ் ஹீனி 1999-இல் ‘நரகத்து மணமகள்’ என்கிற மாதிரி மொழிபெயர்த்தார். 2020-இல் மரியா தஹ்வானா ஹெட்லி ‘போர்ப்பெண்’ என்று எழுதினார். மூன்று பேரும் பார்த்தது ஒரே சொல்லைத்தான்.

இதில் சுவையான சாட்சி வேறொரு புத்தகத்திலிருந்து வருகிறது. 11-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பர்ட்ஃபெர்த் என்ற துறவி எழுதிய பாடநூலில், பீட் என்ற பேரறிஞரை இதே சொல்லை அடைமொழியாக வைத்துத்தான் ஆசிரியர் என்கிறார். பீட் மடத்தில் உட்கார்ந்து வரலாறும் நாட்காட்டிக் கணக்கும் எழுதியவர். அவர் அரக்கன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே பார்த்தாலே ஒரு திகைப்பும் பயமும் வரச்செய்யும் ஆள் என்ற பொதுப்பொருள் அந்தச் சொல்லில் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. தாய்க்கும் அதையே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மகனைப் பறிகொடுத்துப் பழிவாங்க வந்தவள்தானே அவள்.

அரைக்கால்சட்டை:

இந்த இழையில் யாராவது ‘தமிழில் நாற்றம் என்றால் முன்பு நறுமணம்’ என்று ஆரம்பிப்பார்கள் என்று காத்திருக்கிறேன்.

மாடிப்படி நூலகம்:

ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடுவேன்.

ஒத்திகைக்கொட்டகை:

நான் நாடகக்காரன், அகராதி அதிகம் புரட்டுவதில்லை. ஆனால் ‘தௌ’, ‘யூ’ விஷயத்தில் தமிழனுக்கு இருக்கும் வசதி இன்றைய ஆங்கிலேயனுக்கே கிடையாது. தௌ என்றால் நீ. யூ என்றால் நீங்கள், அல்லது மரியாதையும் விலகலும் கலந்த ஒருமை.

ஹாம்லெட் மூன்றாம் அங்கம், நாலாம் காட்சி. ராஜா செத்த சூட்டோடு அவர் தம்பியையே கல்யாணம் செய்துகொண்ட தாயின் அறைக்கு மகன் வருகிறான். தாய் தொடங்குகிறாள்: ‘ஹாம்லெட், நீ உன் அப்பாவை ரொம்பப் புண்படுத்திவிட்டாய்.’ தௌ. அப்பா என்று அவள் சொல்வது புதுக் கணவனை. மகன் பதில்: ‘அம்மா, நீங்கள் என் அப்பாவை ரொம்பப் புண்படுத்திவிட்டீர்கள்.’ யூ. அவன் சொல்வது செத்துப்போனவரை. ஒரே வாக்கியம், நீயை நீங்களாக்கித் திருப்பி அடிக்கிறான். அடுத்த வரியில் தாயும் யூவுக்குத் தாவுகிறாள்: ‘போதும் போதும், பைத்தியக்காரத்தனமாகப் பேசுகிறீர்கள்.’ ராத்திரி லேட்டாக வரும் பையனிடம் நம் வீட்டு அம்மா ‘வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா’ என்பாளே, அந்த ‘ங்க’.

அப்புறம் மகன் கிழிகிழியென்று கிழித்து, அவள் உடைந்துபோய் ‘ஹாம்லெட், என் நெஞ்சை இரண்டாகப் பிளந்துவிட்டாய்’ என்னும்போது மறுபடி தௌ வந்துவிடுகிறது. இத்தனை நடிப்புக் குறிப்பும் இரண்டு சின்னச் சொல்லில் இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் யூ ஆக்கினால் மொத்தமும் போச்சு. தமிழில் போட்டால் ஒரு துளி சிந்தாது.

கொக்கிரகுளம்:

ஜெபத்தில் கடவுளைத் தௌ என்பதால் அது ரொம்ப மரியாதையான சொல் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தில் தேவரீர், நீர் என்று இருப்பதும் அந்த எண்ணத்துக்கு ஒத்து ஊதுகிறது.

பழம்புத்தகம்:

மூலத்தில் ஒருமை இருந்தால் ஆங்கிலத்திலும் ஒருமை, அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அன்றாடப் பேச்சில் செத்துப்போய் கோயிலில் மட்டும் மிஞ்சியதால் அதற்குப் பவுசு வந்துவிட்டது.

தௌவை அடிக்கிற கம்பாகவும் வைத்திருந்தார்கள். 1603-இல் வால்டர் ராலேமேல் ராஜத்துரோக வழக்கு. அரசுத் தரப்பில் எட்வர்ட் கோக். நீதிமன்றத்தில் ராலேயைப் பார்த்து, ‘துரோகியே, உன்னை நான் தௌ என்றே கூப்பிடுகிறேன்’ என்று கத்தினார். ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் சர் டோபி, சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதும் நண்பனுக்கு, எதிரியை மூன்று தடவை தௌ போட்டால் நல்லது என்று யோசனை சொல்வார்.

இலகுவழி:

எல்லாம் சரி. இவ்வளவு பாடுபட்டு யார் படிப்பது? பக்கத்திலேயே இன்றைய ஆங்கிலம் போட்ட பதிப்புகள் கிடைக்கின்றன. அதைப் படித்துக் கதையைத் தெரிந்துகொண்டு போகலாம். ‘லெட்’ என்றால் தடு என்று நான் எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஒத்திகைக்கொட்டகை:

அந்த லெட்டையே எடுத்துக்கொள்வோம். அப்பாவின் ஆவி கையசைத்துக் கூப்பிடுகிறது. ஹாம்லெட் போகப் பார்க்கிறான், நண்பர்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். ‘என்னை லெட் பண்ணுகிறவனை ஆவியாக்கிவிடுவேன்’ என்று திமிறுகிறான். மேடையில் பார்ப்பவனுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். இரண்டு பேர் கையைப் பிடித்திருப்பதும் இவன் வாளை உருவுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. எளிமையாக்குகிறேன் என்று சொல்லை மாற்றுவதற்குப் பதில் நாடகத்தைப் போய்ப் பாருங்கள்.

இலகுவழி:

எங்கள் ஊரில் ஹாம்லெட் யார் போடுகிறார்கள்? நடக்கிற காரியத்தைச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு நெடுவரிசைப் பதிப்புதான் கைகொடுக்கும்.

மாடிப்படி நூலகம்:

இரண்டு நெடுவரிசை இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் வலது பக்கம் மட்டும் படித்துவிட்டு ஷேக்ஸ்பியர் படித்தேன் என்று சொல்லக்கூடாது. இடது பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது சந்தேகத்துக்கு வலது பக்கம் எட்டிப் பார்க்கலாம்.

இலகுவழி விடமாட்டார் என்று தெரியும். இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

தெற்குத்தெரு:

கிங் லியர் படிக்கும்போது ஓர் இடம் உறுத்தியது. பைத்தியக்காரப் பிச்சைக்காரன் வேடத்தில் இருக்கும் எட்கர், ஏழு வருஷமாக எலியும் பெருச்சாளியும் அது மாதிரிச் சின்ன ‘டீரு’ம்தான் சாப்பாடு என்கிறான். எலிக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம்? பைத்தியம் என்பதற்காக உளறவைத்தாரா?

கல்தச்சன்:

உளறல் இல்லை, பழைய பாட்டு. பழைய ஆங்கிலத்தில் ‘டேஓர்’ என்றால் எந்த விலங்கும். ஜெர்மன் ‘டியர்’ இன்றும் அப்படித்தான். வேட்டைக்குப் போகிறவனுக்கு விலங்கு என்றாலே மான்தான் என்றாகி, சொல் சுருங்கிவிட்டது.

எட்கரின் இரண்டு வரி, ‘பெவிஸ் ஆஃப் ஹாம்ப்டன்’ என்ற பழைய வீரகதையிலிருந்து எடுத்தது. சிறையில் கிடக்கும் பெவிஸுக்கு ஏழு வருஷம் எலியும் சின்ன டீரும்தான் ‘மீட்’ என்று அதில் வரும். கொக்கிரகுளம் சொன்ன மீட்டும் அங்கேயே இருக்கிறது பாருங்கள். ஷேக்ஸ்பியர் மீட்டை மட்டும் ‘ஃபுட்’ என்று மாற்றிவிட்டு டீரை அப்படியே விட்டிருக்கிறார். அவர் காலத்திலேயே டீர் பெரும்பாலும் மான்தான். எதுகை வேண்டும் என்பது ஒரு காரணம். பைத்தியத்தின் வாயில் பழம்பாட்டு விட்டுவிட்டு வருவதும் பொருத்தம்.

அரைக்கால்சட்டை:

என் பங்குக்கு ஒன்று. ‘உடனே’ என்று பொருள் தந்த ஆங்கிலச் சொற்களை வரிசையாகப் பாருங்கள். ‘சூன்’ பழைய ஆங்கிலத்தில் உடனே. ‘அனான்’ உடனே. ‘பை அண்ட் பை’ உடனே. ‘ப்ரெசென்ட்லி’ உடனே. நாலும் இப்போது ‘கொஞ்ச நேரத்தில்’, ‘அப்புறம் பார்க்கலாம்’ பக்கம் போய்விட்டன.

‘டெம்பெஸ்ட்’ நாலாம் அங்கத்தில் ப்ராஸ்பெரோ ஏவல் ஆவி ஏரியலிடம் ஒரு வேலை சொல்கிறார். ஏரியல்: ‘ப்ரெசென்ட்லி?’ அவர்: ‘ஆமாம், கண் சிமிட்டும் நேரத்தில்.’ சந்தேகத்துக்கே இடமில்லை.

சொல் ஏன் தளர்ந்தது என்பதற்கு ‘ஹென்றி தி ஃபோர்த்’ முதல் பாகத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி இருக்கிறது. இளவரசன் ஒரு அறையில் ஃபிரான்சிஸ் என்ற சர்வர் பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையும் இதையும் கேட்கிறான். ஏற்பாட்டின்படி நண்பன் பக்கத்து அறையிலிருந்து ‘ஃபிரான்சிஸ்!’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பையன் ‘அனான், அனான் சார்’ என்று குரல் கொடுக்கிறானே ஒழிய, நகர முடியவில்லை. உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கிறவர்கள் பெருகினால் உடனேவுக்கு என்ன மதிப்பு? நம் ஊரில் ‘இதோ வந்துட்டேன்’ என்று போனில் சொல்பவர் இன்னும் குளிக்கவே போயிருக்கமாட்டார்.

பயோடேட்டாவில் நாம் ‘ப்ரெசென்ட்லி வொர்க்கிங்’ என்று எழுதுவது ‘இப்போது’ என்ற பொருளில். பிரிட்டன்காரர் சிலருக்கு அது ‘சீக்கிரமே வேலைக்குச் சேர்வார்’ என்று கேட்கும். கவனம்.

கொக்கிரகுளம்:

லூக்கா 21-இல் ‘முடிவு உடனே வராது’ என்ற வரியில் ‘பை அண்ட் பை’ இருக்கிறது. இன்றைய காதில் அது தலைகீழாக விழும்.

வேப்பம்பூ:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு நடைமுறைக் கேள்வி. தெரிந்த சொல்லைச் சந்தேகப்பட வேண்டும் என்றால் எல்லாச் சொல்லையுமா சந்தேகப்படுவது? அப்புறம் எப்போது நாவலை முடிப்பது?

பழம்புத்தகம்:

எல்லாம் வேண்டாம். ஒருவர் சொன்னதற்கும் எதிரில் இருப்பவர் காட்டும் முகத்துக்கும் பொருந்தவில்லையா, அங்கே நில்லுங்கள். காலின்ஸ் மகிழ்ச்சியாகச் சொன்னது உங்களை நிறுத்தியதே, அந்த மாதிரி. குணத்தைச் சொல்லும் சொற்களில் இன்னும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். நாற்காலி, மேஜை அவ்வளவாக ஏமாற்றாது. விதிவிலக்கு ‘கார்ன்’. 19-ஆம் நூற்றாண்டு நாவலில் அது மக்காச்சோளம் இல்லை, கோதுமை மாதிரித் தானியம்.

பார்ப்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிதான் சரி. அதில் பொருள்கள் காலவரிசையில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆண்டு போட்ட மேற்கோள் இருக்கும். ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பொறுப்பேற்று, அவர் இறந்தும் பல வருஷம் கழித்து 1928-இல்தான் முதல் பதிப்பு முழுமையாக வந்தது. சந்தா கட்ட வேண்டும், கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆஸ்டினுக்கு ஜான்சன் அகராதியே போதும், இணையத்தில் இலவசம். ஷேக்ஸ்பியருக்கு டேவிட் கிரிஸ்டலும் அவர் மகன் பென்னும் 2002-இல் போட்ட சொல்லகராதி கைக்கு அடக்கமானது.

இலகுவழி:

இவ்வளவு படித்ததில் ஒன்று கவனித்தேன். எல்லாச் சொல்லும் கீழேதான் விழுகிறது. ‘சில்லி’ முதலில் ஆசி பெற்றவன் என்றும் இப்போது முட்டாள் என்றும் எங்கோ படித்தேன். ‘நேவ்’ வெறும் பையன், இப்போது அயோக்கியன். மேலே போன சொல் ஏதாவது உண்டா?

கல்தச்சன்:

உண்டே. குதிரை வீரனைச் சொல்லும் ‘நைட்’டும் அதே மாதிரி வெறும் பையன், வேலைக்காரன்தான். ஜெர்மன் ‘க்னெஷ்ட்’ இன்றும் எடுபிடிதான். ஆங்கிலத்தில் அவன் குதிரை ஏறி சர் பட்டம் வாங்கிவிட்டான். ‘ப்ரிட்டி’ முதலில் தந்திரக்காரன். ‘நைஸ்’ லத்தீனில் ஒன்றும் தெரியாதவன் என்ற சொல்லில் பிறந்து, ஆங்கிலத்தில் மடையன், அப்புறம் நுணுக்கம் பார்ப்பவன், கடைசியில் நல்லது.

நைஸ் விஷயத்தில் ஆஸ்டினே வம்புக்கு வருகிறார். ‘நார்தாங்கர் ஆபி’யில், பாத் நகரத்துக்கு மேலே இருக்கும் பீச்சன் குன்றுக்கு நடந்து போகும்போது கேத்தரின் ஒரு நாவலை நைஸ் என்று சொல்லிவிடுகிறாள். கூட வந்த ஹென்றி டில்னி பிடித்துக்கொள்கிறான்: இன்று ரொம்ப நைஸான நாள், நாம் ரொம்ப நைஸாக நடக்கிறோம், நீங்கள் இருவரும் ரொம்ப நைஸான பெண்கள்! ஒரு காலத்தில் சுத்தத்தையும் நுட்பத்தையும் சொல்ல இருந்த சொல், இப்போது எதற்கெடுத்தாலும் பாராட்டாகிவிட்டது என்று புலம்புகிறான். அவன் தங்கை, ‘கேத்தரின், இவன் என்னிடமும் இப்படித்தான், நீ கண்டுகொள்ளாதே’ என்கிற மாதிரிச் சொல்லி நடக்கச் சொல்கிறாள். நான் தங்கை கட்சி.